புளூ மேசாவின் நீலமும் சுங்கை பூலோவின் சேறும்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கடல் உள்வாங்கிய நேரமாகப் பார்த்துப் போங்கள். மரப்பாதையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே குனிந்து பார்த்தால் சேறு சாம்பல் நிறத்தில் இருக்கும். நண்டு தோண்டி வெளியே தள்ளிய மண் இன்னும் கறுத்து, சில இடங்களில் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். பொறுமையாக நின்று பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படலாம். வேர் ஓடிய துளையைச் சுற்றியோ நண்டு வளையின் விளிம்பிலோ மெல்லிய துருநிற வளையம் ஒன்று இருக்கும்.

அங்கிருந்து பஸ் ஏறிப் புக்கிட் தீமா பக்கம் வாருங்கள். மழையில் சரிந்த மேடோ, சாலைக்காக வெட்டிய சரிவோ எங்காவது இருக்கும். அங்கே மண் செக்கச்செவேல் என்றிருக்கும்.

ஒரே தீவு, ஒரே மழை. ஆனாலும் ஒரு மண் சாம்பல், ஒரு மண் சிவப்பு. இதற்கான காரணத்தைப் பிடித்துக்கொண்டால், உலகின் மிக அழகான வண்ணப் பாலைவனங்களில் ஒன்றைப் பாதி புரிந்துகொண்டதாகவே அர்த்தம். அந்தப் பாலைவனத்தைச் சென்ற அக்டோபரில் பார்த்துவிட்டு வந்தேன். போவதற்கு முன்பு இதை யாராவது எனக்கு எளிமையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்லும் இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கிறது. பெயர் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா. கல்மரக் காடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1906ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1962இல் அது தேசியப் பூங்கா ஆனது. பரப்பளவு ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். வடபகுதியில் இருப்பது பெயின்டட் டெசர்ட், அதாவது வண்ணம் தீட்டிய பாலை. சிவப்பும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக மேடு பள்ளங்கள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பரந்து கிடக்கின்றன. தென்பகுதியில் கல்லாகிப்போன மரங்கள். நடுவே நீலமும் ஊதாவும் சாம்பலுமான புளூ மேசா. இந்த மூன்றையும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சாலை கோத்துக்கொண்டு போகிறது.

துருவிலிருந்து தொடங்குவோம்

இரும்புத் தோசைக்கல்லைக் கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு வைத்துவிட்டால் மறுநாள் காலையில் என்ன ஆகும்? செம்பழுப்புத் துரு பூத்திருக்கும். இரும்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரத்தின் துணையோடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. பாறைக்கும் மண்ணுக்கும் சிவப்பு வருவது இதே வழியில்தான். பாறையில் இரும்பின் பங்கு மிகச் சிறியதாக இருந்தாலும் போதும். ஒவ்வொரு மணல் துகளின் மேலும், களிமண் துகளின் மேலும் மெல்லிய துருப் பூச்சு படிந்தால் முழு மலையும் சிவந்துவிடும்.

அந்தத் துருவிலும் வகைகள் உண்டு. நீர் சேராத இரும்பு ஆக்சைடுக்கு ஹெமடைட் என்று பெயர். அது ஆழ்ந்த சிவப்பு. நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடுகள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். நமக்கு ஹெமடைட் புதியதல்ல, பெயர்தான் புதிது. கோலத்தைச் சுற்றி இழுக்கும் காவிப் பட்டைக்கு நிறம் கொடுப்பது இதுதான். கோயில் மதிலில் சுண்ணாம்பு வெள்ளைக்கு நடுவே பூசும் காவியும் இதே இரும்புதான். வண்ணப் பாலையின் விளிம்பில் நான் முதன்முதலாக நின்றபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்ததும் கோயில் மதில்தான். காவி, வெள்ளை, மறுபடி காவி. மதிலில் நிமிர்ந்து நிற்கும் பட்டைகள் அங்கே படுத்துக் கிடந்தன.

இப்போது சேற்றுக்கு வருவோம். சதுப்புநிலச் சேறு எப்போதும் நீரில் ஊறிக் கிடக்கிறது. துகள்களின் இடுக்குகளையெல்லாம் நீர் அடைத்துக்கொள்வதால் காற்று உள்ளே புகுவது அரிது. புகுந்த கொஞ்சம் ஆக்சிஜனையும், மக்கும் இலைகளைத் தின்னும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பால் துருவாக நிலைத்திருக்க முடியாது. அது வேறு வடிவத்துக்கு மாறிவிடும், அல்லது நீரில் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது சாம்பல், நீலச்சாம்பல், பச்சைச்சாம்பல். நண்டு வளை வழியாகவும் வேர் வழியாகவும் காற்று உள்ளே போகும் இடத்தில் மட்டும் இரும்பு மறுபடி துருப்பிடிக்கிறது. முதலில் நீங்கள் பார்த்த துருநிற வளையம் அப்படி வந்ததுதான்.

ஆக, மண்ணில் இரும்பு இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்விதான். அந்த மண் உருவான காலத்தில் நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நின்றது என்பது மீதிப் பாதி. நீர்மட்டம் தாழ்ந்து, காற்றோட்டம் இருந்த மண் சிவந்தது. நீர்மட்டம் ஏறி, மண் ஊறிக் கிடந்த இடம் நீலமும் சாம்பலுமானது. நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் மாறிய இடத்தில் இரண்டும் கலந்து திட்டுத் திட்டாக நின்றது.

இதைத் தெரிந்துகொண்டு புளூ மேசாவைப் பாருங்கள். மேட்டின் உச்சியிலிருந்து ஒரு நடைபாதை சரிவில் இறங்கி, ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் சுற்றிவிட்டு மறுபடி ஏறி வருகிறது. இரு பக்கமும் யானை முதுகு போன்ற குன்றுகள். அடியில் ஊதா, அதன்மேல் சாம்பல், பிறகு நீலச்சாம்பல், இடையிடையே வெள்ளைக் கீற்று. உண்மையில் அந்த நீலம் நம் சுங்கை பூலோவின் நிறம்தான். ஒரு காலத்தில் அங்கே நீர் தேங்கி நின்றது. வடக்கே உள்ள சிவந்த மேடுகள் நம் புக்கிட் தீமாச் சரிவின் நிறம். அந்த மண் காற்றோட்டத்தில் இருந்தது. சிங்கப்பூரில் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய இரண்டு நிலங்களும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன.

பாலைக்கு முன்பு என்ன இருந்தது?

ஒப்பிடுவதற்கு வசதியாக இருக்கிறதே என்று சிங்கப்பூரைப் பிடித்து இழுப்பதாக நீங்கள் நினைக்கக் கூடாது. இதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது.

அந்த வண்ண அடுக்குகளுக்குச் சின்லி படிவு என்று புவியமைப்பியலில் பெயர். ட்ரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், அதாவது ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மண்ணும் மணலும் எரிமலைச் சாம்பலும் அவை. அப்போது இன்றைய கண்டங்கள் எல்லாம் பாஞ்சியா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கிடந்தன. இன்று அரிசோனாவாக இருக்கும் நிலம் அப்போது நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தது. வெப்பமான இடம். ஈரப் பருவமும் வறண்ட பருவமும் மாறி மாறி வந்தன. வளைந்து நெளிந்து ஓடிய ஆறுகள், சதுப்புகள், பெரணிச் செடிகள், வானுயர்ந்த ஊசியிலை மரங்கள். நீரில் ஃபைட்டோசோர் என்ற பெரிய ஊர்வன பதுங்கியிருந்தன. பார்க்க முதலையைப் போலவே இருக்கும், ஆனால் முதலை இனம் அல்ல. சுங்கை பூலோவில் உப்புநீர் முதலை வெயில் காய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமல்ல. டைனோசர்களும் அங்கே இருந்தன, ஆனால் அது அவற்றின் தொடக்க காலம். அளவில் சிறியவையாக, பெரிய ஊர்வனவற்றுக்கு ஒதுங்கி வாழ்ந்தன.

பிறகு கண்டங்கள் பிரிந்து நகர்ந்தன. அந்த நிலம் வடக்கே போனது, உயர்ந்தது, வறண்டது. பாலை என்பது தனியே பிறந்த நிலம் அல்ல, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று நம் முன்னோர் எண்ணினார்கள். அவர்கள் கோடை வெயிலை மனத்தில் வைத்து அப்படி எண்ணினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிசோனாவிலும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. அதனால் அந்தப் பாலையின் நிறங்களைப் பார்க்கும்போது இன்றைய வறட்சியை நாம் பார்க்கவில்லை, அன்றைய நீரைப் பார்க்கிறோம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த இடம் முற்றிலும் வேறாகத் தெரிந்தது.

கல்லான மரம்

தமிழ்நாட்டில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: கல்மரம். புதுச்சேரிக்கு அருகே திருவக்கரையில் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போனவர்களில் சிலர் பக்கத்திலுள்ள கல்மரப் பூங்காவையும் பார்த்திருப்பார்கள். அங்குள்ள மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழையவை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஓடைக்கரையில் கிடக்கும் கல்மரம் அதைவிட மிகப் பழையது, ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. அரிசோனாவின் மரங்கள் அவற்றுக்கெல்லாம் மூத்தவை.

மரம் எப்படிக் கல்லாகும்? பனங்கற்கண்டு செய்யும் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். பாகைப் பானையில் ஊற்றி, உள்ளே நூலைத் தொங்கவிட்டு, பானையை மண்ணில் புதைத்து வாரக்கணக்கில் அசையாமல் விட்டுவிடுவார்கள். பாகில் கரைந்திருந்த சர்க்கரை மெல்ல மெல்ல நூலைப் பற்றிக்கொண்டு படிகமாகும். அரிசோனாவில் நூலின் இடத்தில் மரம் இருந்தது. வெள்ளத்தில் சாய்ந்த பெருமரங்கள் ஆற்றில் அடித்துவரப்பட்டு, வண்டலுக்குள் விரைவாகப் புதைந்தன. காற்று படாததால் மக்கவில்லை. வண்டலோடு எரிமலைச் சாம்பலும் கலந்திருந்தது. சாம்பலிலுள்ள சிலிக்கா நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறியது. மரத்தின் பொருள் சிறிது சிறிதாக விலக, சிலிக்கா அந்த இடத்தைப் பிடித்து, குவார்ட்ஸ் படிகமாக இறுகியது. இன்று அங்கே கிடப்பவை ஏறத்தாழ முழுக்க முழுக்கக் குவார்ட்ஸ்தான். ஆனால் பட்டையும் கணுவும் மரமாகவே இருக்கின்றன. அந்த அடிமரத்தை என் உள்ளங்கையால் தொட்டபோது மரம் என்றுதான் கண் சொன்னது. குளிர்ந்த கல் என்று கை சொன்னது.

தூய குவார்ட்ஸ் வெள்ளை. படிகமாகும்போது நீரில் என்ன கலந்திருந்ததோ அதுவே நிறமாயிற்று. இரும்பு வந்த இடத்தில் சிவப்பு, மஞ்சள், பழுப்பு. மாங்கனீசு வந்த இடத்தில் கறுப்பும் ஊதாவும். மரத்தின் பழைய கரி கொஞ்சம் தங்கிவிட்ட இடத்திலும் கறுப்பு. ஒரே அடிமரத்தின் குறுக்குவெட்டில் இவை எல்லாம் ஒன்றாகத் தெரியும்போது அது பழத்துண்டு போல இருக்கிறது.

குறுக்குவெட்டு என்று சொன்னேன். அங்குள்ள பெருமரங்கள் பலவும் ரம்பம் வைத்து அறுத்ததைப்போல ஒரே சீராகத் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. யாரோ வெட்டிவைத்திருக்கிறார்கள் என்றே முதலில் யாருக்கும் தோன்றும். யாரும் வெட்டவில்லை. குவார்ட்ஸ் மிகக் கடினமானது, ஆனால் வளையத் தெரியாதது. நிலம் மெல்ல உயர்ந்தபோது மண்ணுக்குள் புதைந்திருந்த நீண்ட கல்தண்டுகளால் அந்த இழுபறியைத் தாங்க முடியவில்லை. சாக்குக்கட்டியை இரு கையால் ஒடித்தால் எப்படி நேராக முறியுமோ அப்படி முறிந்துவிட்டன.

ஏன் பாலைவனத்தில் மட்டும்?

நிறமுள்ள பாறைகள் உலகெங்கும் உண்டு. பாலையில் அவை வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த ஈரமும் வெப்பமும் பாறையைப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கிவிடும். அந்த மண்ணை மரமும் புல்லும் மூடிக்கொள்ளும். புக்கிட் தீமாவின் கருங்கல் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஆனால் அதை நேரில் பார்க்கப் பழைய கல்குழிகளைத்தான் தேடிப்போக வேண்டியிருக்கிறது. கல்மரக் காட்டில் மழை ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டர்தான்.

அங்கே செடி வளராததற்கு மழைக்குறைவோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. எரிமலைச் சாம்பல் நாளடைவில் பெண்டோனைட் என்ற களிமண்ணாக மாறியிருக்கிறது. இந்தக் களிமண் நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். குன்றின் மேற்பரப்பு முழுவதும் சோளப்பொரி ஒட்டியதுபோல் இருப்பது அதனால்தான். இப்படி உப்பிச் சுருங்கும் மண்ணில் வேர் பிடிக்க முடியாது. அடுத்த மழை வரும்போது மேல்தோல் கரைந்து ஓடிவிடும், அடியிலிருந்து புதிய நிறம் வெளிவரும். குன்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே இருப்பதால்தான் நிறம் மங்காமல் இருக்கிறது. மண்ணுக்குள் கிடந்த கல்மரங்களும் இப்படித்தான் மேலே வந்தன. மண் கரைந்தது, குவார்ட்ஸ் கரையவில்லை.

இதைப் படித்துவிட்டு உலகின் எல்லா வண்ணப் பாறைக்கும் இதே விளக்கத்தை ஒட்டிவிடக் கூடாது. சிவப்புக்கு இரும்பு என்பது பெரும்பாலும் பொருந்தும். ஆஸ்திரேலியாவின் உலுரு வெளியே சிவப்பு, உள்ளே சாம்பல்; அதுவும் துருவின் வேலைதான். நீலத்துக்கும் பச்சைக்கும் ஒவ்வோர் இடத்திலும் காரணம் வேறாக இருக்கலாம்.

போகிறவர்களுக்கு

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அமெரிக்கச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை, ஆனால் பயணத்துக்கு முன்பே இணையத்தில் எஸ்டா அனுமதி பெற வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு விசா கட்டாயம். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். சாங்கியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கோ லாஸ் ஏஞ்சலிஸுக்கோ நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து உள்ளூர் விமானத்தில் ஃபீனிக்ஸ் போய், வாடகை கார் எடுத்துக்கொள்வது வசதி. ஃபீனிக்ஸிலிருந்து மூன்றரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை நம் ஊர் ஓட்டுநர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் தங்களுக்கே சொல்லிக்கொள்வது நல்லது. பூங்காவுக்குள் தங்கும் விடுதி கிடையாது. அருகிலுள்ள சிற்றூர் ஹோல்புரூக், வடக்கு வாயிலிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் அக்காவும் அவர் மகனும் நானுமாகப் போனோம். வழியில் தாமதமாகி, வண்ணப் பாலையின் விளிம்புக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். படத்தில் பார்த்த நிறம் எங்கே என்று ஏமாந்து நின்றேன். எல்லாம் வெளுத்துக் கிடந்தது. வெயில் உச்சியில் நிற்கும்போது நிழல் குறுகிவிடும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு மறைந்து, நிறங்களும் தட்டையாகிவிடும். மறுநாள் காலை வாயில் திறந்ததும் உள்ளே போனோம். அதே இடத்தில், சாய்ந்த வெயிலில், ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக எழுந்து நின்றது. அக்கா சற்று நேரம் பேசவே இல்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். பகல் நேரத்தில் மட்டுமே பூங்கா திறந்திருக்கும், மாலையில் வாயிலை மூடிவிடுவார்கள். அதனால் இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். ஒரு நாள்தான் என்றால் காலையிலேயே வண்ணப் பாலையையும், வெயில் சாயத் தொடங்கும்போது புளூ மேசாவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் நமக்குப் பழக்கம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே வியர்வை சட்டையை நனைக்கும், உடனே தண்ணீர் குடிப்போம். அங்கே காற்று அவ்வளவு வறண்டது, வியர்வை தெரிவதற்கு முன்பே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து நீர் போவதே தெரியாது. உதடு வெடித்த பிறகுதான் தெரிகிறது. பூங்கா ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் புக்கிட் தீமா உச்சியைப்போல் பத்து மடங்கு. புளூ மேசாச் சரிவில் ஏறி வரும்போது மூச்சு வாங்கும். நிதானமாக ஏறுங்கள். குளிர்காலத்தில் பனி பெய்யும் இடம் அது, அக்டோபர் காலையிலேயே கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடிமழை வரும். அதை அங்கும் பருவமழை என்றே சொல்கிறார்கள். திறந்த வெளியில் மின்னல் ஆபத்தானது, நனைந்த பெண்டோனைட் களிமண் காலை வாரிவிடும்.

தெற்கு வாயிலுக்கு அருகே ரெயின்போ ஃபாரஸ்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பின்னாலேயே ஜயன்ட் லாக்ஸ் பாதை. நடக்க முடியாத முதியவர்களோடு போனால் இதை மட்டுமாவது பாருங்கள். சிறிய சுற்றுதான், சில படிகள் உண்டு. அங்குள்ள மிகப்பெரிய அடிமரத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ 3 மீட்டர் அகலம். வழியில் அகேட் பாலம் என்று ஒன்று வரும். ஏறத்தாழ 33 மீட்டர் நீளமுள்ள ஒரு கல்மரம் ஓடையின் குறுக்கே கிடக்கிறது. விழுந்துவிடுமே என்று 1917இல் அதற்குக் கீழே கான்கிரீட் தாங்கு வைத்தார்கள். அது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. புவெர்கோ புவெப்லோ என்ற இடத்தில் ஏறத்தாழ நூறு அறைகள் கொண்ட பழங்குடிக் குடியிருப்பின் அடித்தளம் இருக்கிறது. அங்கே பாறையில் கீறிய ஒரு சுருள்வட்டத்தின் மேல் ஜூன் 21ஐ ஒட்டிய காலைகளில் சூரிய ஒளிக்கீற்று சரியாக வந்து விழும். கோயில் கருவறைக்குள் குறிப்பிட்ட நாளில் சூரிய ஒளி விழுவதைக் காணத் திரளும் நம் மக்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைசியாக ஒன்று. அங்கிருந்து கல்மரத்தின் ஒரு சிறு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது. சட்டப்படி குற்றம். பூங்கா ஆவதற்கு முன்பு நடந்தவை வேதனையானவை. உள்ளேயிருக்கும் ஊதாப் படிகத்துக்காக அடிமரங்களுக்கு வெடிவைத்தார்கள். தேய்ப்புப்பொடி செய்வதற்காக மரங்களை அரைத்துத் தள்ள ஓர் ஆலையே நிறுவினார்கள். பாதுகாப்பு கேட்டு உள்ளூர் மக்கள் குரல் எழுப்பியது அதனால்தான். இன்றும் சிலர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். பிறகு மனம் உறுத்தியோ, அந்தக் கல்லால்தான் வீட்டில் கெட்டது நடக்கிறது என்று பயந்தோ, மன்னிப்புக் கடிதத்தோடு அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி வந்த கற்களை எங்கே எடுத்தார்கள் என்பது தெரியாததால் காவலர்களால் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. எந்த அடுக்கில், எந்த மரத்தின் அருகில் கிடந்தது என்ற செய்தி இல்லாத கல் ஆய்வாளர்களுக்குப் பயன்படாது. அதனால் அவற்றைத் தனியே ஒரு குவியலாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள். அழகான கற்கள்தான், ஆனால் இனி அவற்றிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. ஆசையாக இருந்தால் ஹோல்புரூக் கடைகளில் தனியார் நிலத்திலிருந்து எடுத்த கல்மரம் விற்கிறார்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கிறிஸ்டல் ஃபாரஸ்ட் பாதையில் அக்கா மகன் கட்டைவிரல் அளவு சிவப்புச் சில்லு ஒன்றைக் கையில் எடுத்துவிட்டான். "சித்தி, இவ்வளவு கிடக்கிறதே, ஒன்று எடுத்தால் என்ன?" என்று கேட்டான். முந்தைய இரவு விடுதியில் அவனுக்குச் சொன்ன குவியலின் கதையை நினைவுபடுத்தினேன். அவன் மண்ணில் குனிந்து தேடினான். சில்லு கிடந்த சிறு பள்ளம் அப்படியே இருந்தது. அதன் அச்சில் பொருந்தும்வரை இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். "இந்தப் பக்கம்தான் மேலே இருந்தது, இல்லையா சித்தி?" என்றான். ஆமாம் என்றேன். வாயில் மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நாங்கள் காரை நோக்கி நடந்தோம்.